சுடும் சுவர்

இமயமலையைக் குடைந்து ரயில் சுரங்கம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று காலை வெடிவைத்துத் திறந்த புதுச் சுவரில் உள்ளங்கையை வைத்த செண்பகவல்லி, வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சுட்டது. சேலத்துப் பக்கம் புவியியலாளராக அவள் பார்த்த பாறைகளும் பூமிக்கடியில் அழுந்தி, வெந்து, உருமாறியவைதான். ஆனால் அவை என்றோ ஆறிப்போனவை.

“அந்தோணி, இங்க வந்து தொட்டுப் பாருங்க.”

துளைபோடும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அந்தோணிராஜ் இறங்கி வந்து தொட்டான். “என்ன மேடம், உள்ள தீ எரியுதா?”

“தீ இல்ல. ரெண்டு கண்டம் முட்டிக்கிட்டு நிக்குது இங்க. இன்னும் தள்ளுது. ஆழத்துல வெந்த கல்லை ஆறவிடாம மேல தூக்கிட்டு வருது. இந்தக் கல்லுக்குள்ள எவ்வளவு அழுத்தம்...”

அவள் முடிக்கவில்லை. துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம். தூசி அடங்கியபோது, சுவரிலிருந்து தெறித்த ஆள் உயரப் பாறை ஒன்று, அவன் சற்றுமுன் உட்கார்ந்திருந்த இருக்கையை நசுக்கிக்கொண்டு கிடந்தது.

அந்தோணிராஜ் அவள் கூப்பிட்ட தன் பெயரைத் தானே ஒருமுறை முணுமுணுத்தான். அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள் செண்பகவல்லி. எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. “ஓடணும்” என்று வாய் சொன்னது. கால் நகரவில்லை. கல் பெயர்ந்த பள்ளம் மைக்கா எனும் அபிரகத் துகள்களோடு ஈரம்போல மினுங்கியது. அதற்குள்ளிருந்து, யாரோ விரலைச் சொடுக்குவதுபோல, மெல்ல இன்னொரு விரிசல் கேட்டது.