பொய் சொல்லாத கரடி

எந்தப் பொம்மையும் பொய் சொல்லக் கூடாது என்று சட்டம் வந்து நான்கு வருடமாகிறது. வயிற்றை அமுக்கினால், தன்னைச் செய்தது யார், எப்படி என்று அதுவே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் பாட்டுக் கேட்பதுபோல அதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

ஓசூரில் ஒரு பொம்மைக் கம்பெனியில் கண் தைக்கும் சுகந்தி, மகளுக்கு ஒரு கரடி வாங்கி வந்தாள். ஆறு வயது கவிநிலா உடனே வயிற்றை அமுக்கினாள்.

"என் கண்களைத் தைத்தவர் சுகந்தி. எவ்வளவு இழுத்தாலும் பிய்ந்து வராது. பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி என்னைத் தைத்து முடித்து, ஐந்து மணிக்கு அவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்."

"அம்மா, உன் பேரைச் சொல்லுது" என்று கவிநிலா குதித்தாள்.

சுகந்திக்கு அந்த ஐந்து மணி நினைவிருந்தது. வழக்கம்போல எல்லோரும் வரிசையாகப் போய், வெளியேறுகிறோம் என்று வருகைப்பதிவு மெஷினில் விரல் வைத்தார்கள். வைத்துவிட்டு, வந்து மறுபடியும் தைக்க உட்கார்ந்தார்கள்.

கவிநிலா இன்னொரு முறை அமுக்கிக் கேட்டாள்.

"பிப்ரவரி பத்தொன்பது என் பொறந்தநாள்தானேம்மா?"

"ஆமாடி கண்ணு."

"கேக் வெட்டக்கூட நீ வரல. வேலைன்னு சொன்னே."

"வேலைதான் இருந்துச்சு."

கவிநிலா கரடியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

"கரடி பொய் சொல்லாதுல்ல. அஞ்சு மணிக்குக் கிளம்பி நீ எங்கம்மா போனே?"