க்ளவுடில் இடமில்லை

"அம்மா, கடைசியா கேக்கறேன். உன் தையல் வீடியோவையெல்லாம் நீயே அழிக்கறியா, இல்ல நான் அழிக்கட்டுமா?"

"ரெண்டும் நடக்காது" என்றாள் அம்மா, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே.

மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். வீட்டில் நாலு பேருக்கும் சேர்த்து க்ளவுடில் ஒரே குடும்பக் கணக்கு. அது நிரம்பி வழிந்துவிட்டது. யாருக்கும் புதிதாக ஒரு படம்கூட ஏறவில்லை. போதாக்குறைக்கு, அவனுக்கு வரவேண்டிய இன்டர்வியூ மெயில் இடமில்லாமல் திரும்பிப் போயிருந்தது. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட கம்பெனிக்காரர்களே போன் செய்து, "உங்க மெயில்பாக்ஸைக் கொஞ்சம் கூட்டிப் பெருக்குங்க சார்" என்று நக்கலடித்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. அந்த எரிச்சலில்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்து லேப்டாப்பைத் திறந்திருந்தான்.

"பாதி இடத்தை நீதான்மா அடைச்சு வச்சிருக்க."

"பழசையெல்லாம் ஹார்ட் டிஸ்க்ல போட்டு வச்சுக்கலாமே அத்தை" என்று மருமகள் சமாதானம் பேசினாள்.

"போன ஹார்ட் டிஸ்க்கைக் கீழ போட்டு உடைச்சது உன் புருஷன்தானே? உங்க கல்யாண வீடியோவே அதுலதான் போச்சு. அதை நம்பி என் பாடத்தைக் குடுக்கச் சொல்றியா?"

மருமகள் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

"பாடமாம் பாடம்!" செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "காலர் வெட்டறதையும் பட்டன் தைக்கறதையும் எவ உக்காந்து பாக்கப் போறா?"

"பாக்கறவங்க பாக்கறாங்க. தினமும் பூப்படம் போட்டு 'காலை வணக்கம்'னு வர்றதையெல்லாம் ஒண்ணு விடாம சேத்து வச்சிருக்கீங்களே, அதை யாரு பாக்கறா?"

அப்பா செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

மகன் எட்டி அம்மாவின் போனை எடுத்தான். குறை கண்டுபிடிக்கத் திறந்தவனுக்கு ஒரு குறையும் சிக்கவில்லை. காலருக்குத் தனி ஃபோல்டர், கைக்குத் தனி ஃபோல்டர், உள்ளே சுலபமான பாடம் முன்னும் கடினமானது பின்னுமாக வரிசை. அவனுடைய இடத்திலோ, என்றோ விட்டுவந்த கம்பெனியின் மீட்டிங் படங்கள் நாலு நாலு பிரதியாகக் குவிந்து கிடந்தன. அதையெல்லாம் கிளற யாருக்குப் பொறுமை? அந்த வீட்டில் அலமாரி நிரம்பினாலும் ஃப்ரிட்ஜ் நிரம்பினாலும் முதலில் வெளியே வருவது அம்மாவுடையதுதான். அவன் விரல் அழிக்கும் பொத்தானை நோக்கிப் போனது.

அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நாலு வருஷமா இடுப்பு ஒடிய எடுத்ததுடா இது. ஒரு நிமிஷத்தைக்கூட அழிக்க விடமாட்டேன். நான் என்ன கிள்ளுக்கீரையா, ஆளாளுக்கு வந்து கிள்ளிட்டுப் போக?"

"அப்ப குடும்பக் கணக்குலேருந்து உன்னையே தூக்கிடுவேன். உன் வீடியோ மொத்தமும் நடுத்தெருவுலதான் நிக்கும்."

"ஏங்க, பெரியவங்ககிட்ட..." என்று மருமகள் இழுத்தாள்.

"விடும்மா. தூக்கட்டும், பாக்கலாம்" என்றாள் அம்மா. குரலில் கொஞ்சமும் நடுக்கமில்லை. அதுதான் அவனுக்கு ரோஷத்தைக் கிளப்பியது. லேப்டாப்பில் குடும்பக் கணக்கைத் திறந்து, அம்மாவின் பெயரைத் தேடி, 'நீக்கு' என்பதை ஓங்கி அழுத்தினான்.

'உறுப்பினரை நீக்கும் அதிகாரம் நிர்வாகிக்கு மட்டுமே' என்று பதில் வந்தது.

"நீங்கதானேங்க நிர்வாகி?" என்றாள் மருமகள்.

"நான்தான்... ஆரம்பிச்சதே நான்தானே..." அவன் தடுமாறிக்கொண்டே பக்கத்தின் மேலே போனான். நிர்வாகி என்ற இடத்தில், கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டபடி அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"போன வருஷம் உன் கார்டு காலாவதியாகி நீ ஆரம்பிச்ச குடும்பக் கணக்கு மூடிப்போச்சு. ஆளுக்கொரு மூலையில நின்னு கத்துனீங்க. ரெண்டு நாள்ல எல்லாம் சரியாச்சு. எப்படின்னு ஒருத்தராவது கேட்டீங்களா? இந்தத் தையல் பாடத்துல வந்த காசுலதான் நான் என் பேர்ல புதுக் கணக்கு வாங்கி, உங்க எல்லாரையும் உள்ள சேத்தேன். என்ன ஏதுன்னு படிக்காமலே எல்லாரும் 'சரி'ன்னு அமுக்குனீங்க" என்ற அம்மா, போனை மடியில் வைத்து நிதானமாகத் திறந்தாள். "சொல்லுங்க, இப்ப நான் யாரை முதல்ல தூக்கட்டும்?"