காலியாக விடக்கூடாத கட்டம்

"பின்பக்கக் கட்டடத்து மூணாவது மாடியில தனியா ஒரு பொண்ணைக் குடி வச்சிருக்கீங்க. ஆளு யாரு, என்ன பண்றா, யார் யார் வந்து போறாங்க, எல்லாம் இப்பவே தெரிஞ்சாகணும்" என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

வீட்டு புரோக்கரம்மா சங்க அறையில் அவர் எதிரே உட்கார்ந்திருந்தாள். மடியில் சாவிக் கொத்து. நாற்பது வீட்டுச் சாவிகள் அதில் இருந்தன, ஒன்றுகூட அவள் குடியிருக்கும் வீட்டுடையது அல்ல.

போன வருஷம் கணவனை விட்டு வந்ததிலிருந்து அவளும் மகளும் அண்ணன் வீட்டு ஹாலில்தான் படுத்து எழுகிறார்கள். அண்ணி முகம் மாதாமாதம் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஊருக்கெல்லாம் வீடு பிடித்துக் கொடுக்கிறவளை, "ஃபேமிலிக்கு மட்டும்தாம்மா" என்று சொல்லிப் பதினொரு வாசலில் திருப்பி அனுப்பினார்கள்.

பன்னிரண்டாவது வாசல் இதுதான். அன்றைக்கும் இதே செயலாளர்தான் அவளுடைய விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார். 'கணவர் பெயர்' என்ற கட்டம் காலியாக இருந்ததாம். அதோடு விட்டாரா? அந்தக் கட்டம் நிரம்பாத பெண்ணுக்கு வீடு கிடையாது என்று ஏழாவது விதியாகவே எழுதி லிஃப்டுக்குள் ஒட்டிவிட்டார். துணி காயப்போட மூன்றாவது விதி, செருப்பு விட ஐந்தாவது விதி என்று மனுஷருக்கு விதி எழுதுவதில் அப்படி ஒரு ஆசை.

"அவங்க யாருன்னு நான் சொல்ல மாட்டேன் சார்" என்றாள் புரோக்கரம்மா. "குடி வர்றவங்க விஷயத்தை வெளியில சொல்றது என் தொழில்ல கிடையாது. வீட்டுச் சொந்தக்காரர் சம்மதிச்சிருக்காரு. அது போதும்."

"சொல்லலன்னா இன்னையோட உங்களுக்கு இந்த கேட்டுக்குள்ள வேலை இல்ல. தீர்மானம் எழுதியாச்சு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

எண்பது வீடுகள் உள்ள வளாகம். அவள் பிழைப்பில் பாதி இங்கேதான். இது போனால் மகளோடு தனி வீடு எடுக்கும் நினைப்பையும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

"போட்டுக்குங்க சார்."

வாட்ச்மேன் பேப்பர் கப்புகளில் டீ கொண்டுவந்தார். கூட்டம் என்றால் வழக்கமாகச் செயலாளர் வீட்டிலிருந்து ஃபிளாஸ்க் நிறைய டீ வரும். அவர் மனைவி அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது என்பதால் இன்றைக்குக் கடை டீ, அதுவும் ஆறிப்போய்.

"நீ அந்தப் பொண்ணைப் பாத்தியாப்பா?" என்று செயலாளர் அவரைக் கேட்டார்.

"எனக்கு கேட்டைத் திறக்கவும் மூடவும்தான் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு வாட்ச்மேன் மிச்ச டீயோடு நழுவினார்.

செயலாளர் பின் வரிசைப் பெண்கள் பக்கம் திரும்பினார். "நீங்க எல்லாம் பின்பக்கக் கட்டடம்தானே? ஒருத்தர்கூடவா பாக்கல?"

ஒரு பூந்தொட்டி இடம் மாறினால்கூட ஒன்பது பேர் சேர்ந்து பேசுகிற கூட்டம் அது. இன்றைக்கு ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. ஒருத்தி மட்டும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

பொருளாளர் சாதுவான மனிதர். "ஏம்மா, அந்தப் பொண்ணுக்கு வேற ஏரியாவுல வீடு பாத்துக் குடுத்திருக்கலாமே? எதுக்கு வீண் வம்பு?"

"நானும் அதையேதான் சொன்னேன் சார். 'நான் என்ன தப்பு பண்ணேன், நான் எதுக்கு ஏரியாவை விட்டு ஓடணும்'னு கேட்டாங்க. சாவியைக் கையில குடுத்துட்டேன்."

செயலாளர் மேஜையைத் தட்டினார். "விதின்னு ஒண்ணு இருக்கும்மா. கணவர் பேரு இல்லாம எப்படிக் குடி வச்சீங்க?"

"பேரு இல்லன்னு யார் சொன்னது?" புரோக்கரம்மா எழுந்து நின்றாள். "அவங்க இன்னும் ஒருத்தரோட சம்சாரம்தான். விண்ணப்பத்துல ஒரு கட்டம்கூட காலி இல்ல. கீழ அனுமதின்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"நானா?"

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொண்டே விண்ணப்பங்களில் அவர் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவது எல்லோருக்கும் தெரிந்த கதை. கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டார்.

"யாராவது கேட்டா அந்தத் தாளையே படிக்கச் சொல்லுன்னு அவங்கதான் சொன்னாங்க" என்றாள் புரோக்கரம்மா. "உங்க ஃபைல்லதான் இருக்கு."

பொருளாளர் ஃபைலைப் புரட்டித் தாளை எடுத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். இன்னொரு தரம் படித்தார். பிறகு தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு மின்விசிறியைப் பார்த்தார்.

"என்னய்யா முழிக்கிற? புருஷன் பேரைப் படி" என்றார் செயலாளர். "அவனையும் இங்க கூப்பிட்டு நாலு கேள்வி கேப்போம். கட்டின பொண்டாட்டியை ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவன் எவன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

பொருளாளர் தாளை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார். புரோக்கரம்மா சாவிக் கொத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"நீங்களே படிங்க சார், உங்க பேருதான்."