வீடு இருக்கும் மாநிலம்

அவன் மூன்று தாள்களையும் மேசைமேல் வைத்தான்.

போன வருடம் மூன்று மாநிலங்களில் வாங்கிய சம்பளம். ஒஹாயோ, மிசௌரி, ஜார்ஜியா. மாநிலத்துக்கு ஒரு தாள்.

லலிதாங்கி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். இந்த ஊர்த் தமிழர்களில் பாதிப் பேருக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பவர். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் பார்க்கிற முகம்.

"என்ன தம்பி, ஒரே வருஷத்துல இத்தனை ஊரா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

பக்கத்து நாற்காலியில் நிரஞ்சனா. அவன் மனைவி. குளிர்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

நேற்றுதான் ஜார்ஜியாவிலிருந்து வந்திருந்தான். நாளை திரும்ப வேண்டும். விமானத்தில் அடைத்த காது இன்னும் திறக்கவில்லை.

"எந்த மாநிலத்துல எப்பலேர்ந்து எப்ப வரைக்கும்னு சொல்லுங்க."

மார்ச் வரை ஒஹாயோ. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை மிசௌரி. ஆகஸ்டிலிருந்து ஜார்ஜியா.

தேதிகளை மட்டும் சொன்னான்.

மார்ச்சில் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. வேலையோடு இன்ஷூரன்ஸும் போயிற்று. நிரஞ்சனா அப்போதுதான் உண்டாகியிருந்தாள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு யார் வேலை கொடுத்தாலும் போவதாக இருந்தான். மிசௌரியில் கூப்பிட்டார்கள், போனான். அது முடிந்ததும் ஜார்ஜியாவில் கூப்பிட்டார்கள். அதற்கும் போனான்.

அதைக் கேட்கிற கட்டம் எதுவும் அந்தப் படிவத்தில் இல்லை.

"வீடு எங்க?"

"இங்கதான் அக்கா. இவ இங்கதான் இருந்தா."

"அப்ப மொத்தச் சம்பளமும் ஒஹாயோக் கணக்குல வரும். மத்த ரெண்டு இடத்துல அங்கங்க சம்பாதிச்சதை மட்டும் காட்டுவோம். அங்க கட்டின வரியை இங்க கழிச்சுக்கலாம். கவலைப்படாதீங்க, ஒரே சம்பளத்துக்கு ரெண்டு தடவை கட்ட வேண்டாம்."

அவன் தலையாட்டினான். காதில் பாதிதான் விழுந்தது.

கீபோர்டு சத்தம். ஹீட்டரின் முனகல். சுவருக்கு அந்தப் பக்கம், மளிகைக்கடையில் யாரோ அரிசி மூட்டையை இழுத்துப் போட்டார்கள்.

"குழந்தைங்க யாரும் இல்லையே?"

"இல்ல."

வாய் தானாகச் சொன்னது. ஜார்ஜியாவில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தான். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

"ஒரு பொண்ணு," என்றாள் நிரஞ்சனா.

லலிதாங்கியின் முகம் மலர்ந்தது.

"அடேயப்பா! இதை முதல்ல சொல்லாம? எப்ப பொறந்தா?"

"செப்டம்பர் பத்தொம்பது."

"ஸோஷியல் நம்பர் வந்திருக்குமே?"

"வரல அக்கா. அன்னிக்கே போயிட்டா."

கீபோர்டு நின்றது.

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். நிரஞ்சனாவின் தோழிதான் போன் செய்தாள். அடுத்த விமானம் மறுநாள் காலையில்தான் இருந்தது. அவன் வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரித் தொட்டிலில் விரிப்பை மாற்றியிருந்தார்கள்.

லலிதாங்கி கண்ணாடியை இறக்கிக் கண்ணில் போட்டுக்கொண்டார்.

நிரஞ்சனா பையைத் திறந்தாள். பிறப்புச் சான்றிதழ். மடிப்பு விழாமல் உறையில் போட்டு வைத்திருந்தாள்.

அதை எடுத்து வந்திருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது.

"உயிரோட பொறந்துட்டா, கொஞ்ச நேரம் இருந்தாலும் வருஷம் முழுக்க இருந்ததா எடுத்துப்பாங்கன்னு படிச்சேன். சரியா அக்கா?"

"சரிதாம்மா. நகல் ஒண்ணு சேர்த்து அனுப்பினாப் போதும்."

எப்போது படித்தாள்? அந்த வீட்டில், தனியாக, எந்த அறையில் உட்கார்ந்து?

அவன் கேட்டதில்லை. தினமும் போனில் சாப்பிட்டாயா என்று கேட்பான். சாப்பிட்டேன் என்பாள். அதோடு சரி.

"பேர்?"

நிரஞ்சனா திரும்பினாள். அவனைப் பார்த்தாள்.

செப்டம்பருக்குப் பிறகு இரண்டு பேருமே அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

"நன்முல்லை," என்றான்.

இன்னொரு முறை, நிறுத்திச் சொன்னான்.

"இங்கிலீஷ்ல முல்லைக்கு ரெண்டு எல்தானே?"

"ரெண்டு எல்."

மிசௌரியில் இருந்தபோது இதற்காக ஒரு வாரம் போனில் சண்டை போட்டிருந்தார்கள். ஒன்று போதும் என்றது அவன்.

குழந்தையின் அரசு அடையாள நம்பர் வர வேண்டிய கட்டத்தில் லலிதாங்கி ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தட்டினார். இறந்துவிட்டது என்பதற்கான சொல். திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டுதான் தட்டினார். அவன் பார்த்துவிட்டான்.

எத்தனை மாதம் வீட்டில் இருந்தாள் என்ற கேள்விக்கு, யாரையும் கேட்காமல் அவரே பன்னிரண்டு என்று போட்டார்.

"குழந்தை உங்க ரெண்டு பேர்கூடவும்..."

பழக்கத்தில் வாசித்தவர் பாதியில் நிறுத்தினார். பார்வை மேசைமேல் இருந்த மூன்றாவது தாளுக்குப் போய்வந்தது.

ஆகஸ்டிலிருந்து ஜார்ஜியா. அவனே சொன்ன தேதி.

"நான் அப்ப அங்க..." என்று தொடங்கினான்.

"ஆமாக்கா," என்றாள் நிரஞ்சனா. "எங்க ரெண்டு பேர்கூடவும்தான்."

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள்.

லலிதாங்கி அடுத்த பக்கத்துக்குப் போனார்.

அவன் மேசையிலிருந்த பேனாவை எடுத்தான்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.