சுவரின் கடைசி வரி

“பெரியவரே, கையை எடுங்க! நான் எழுத எழுத நீங்க அழிச்சா வேலை எப்போ முடியும்?”

முக்காலியில் உட்கார்ந்திருந்த பெயின்டர் கத்தியே விட்டார். குத்துச்சண்டைக் கிளப்பின் புதுக் கட்டடத்துக்குச் சாயங்காலம் திறப்பு விழா. கூடத்துச் சுவரில் கிளப்பின் ஹெவிவெயிட் சாம்பியன் மோதிய போட்டிகளையெல்லாம் வரிசையாக எழுதி முடித்தாகிவிட்டது. பாக்கி ஒரே ஒரு வரி. சாம்பியன் தோற்ற கடைசிப் போட்டி.

ஜெயித்தவரின் பெயரைச் சாக்பீஸால் மெலிதாக எழுதிவிட்டுப் பிரஷ்ஷை எடுப்பதற்குள், நெட்டையான கிழவர் ஒருவர் ஈரக் கைக்குட்டையோடு வந்து துடைத்துவிடுகிறார். தொப்பி போட்ட இன்னொரு கிழவர், “நீ எழுதுப்பா” என்று விரட்டுகிறார். இருவரையும் அழைத்து வந்து விட்ட செயலாளரோ, “அந்தக் காலத்துல ரிங்ல நின்னவங்க. ரெண்டு பேரும் சொல்றபடி முடிச்சிடுங்க” என்று சொல்லிவிட்டு மைக்செட்காரரைத் தேடி ஓடிவிட்டார். யார் எவர் என்றுகூடச் சொல்லவில்லை.

பெயின்டருக்குக் குத்துச்சண்டையில் ஆனா ஆவன்னா தெரியாது. எழுதச் சொன்னால் எழுதுவார், அவ்வளவுதான்.

“செத்த பாம்பை அடிச்சதுக்குச் செவுத்துல பேரா?” என்றார் நெட்டைக் கிழவர். “அந்த மேட்ச்சுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே சாம்பியன் கதை முடிஞ்சுபோச்சுய்யா. காலு நகரலை. இடது கண்ணு மங்கிப்போச்சு. அந்தப் பக்கத்துலேருந்து வந்த குத்து ஒண்ணுகூட அவனுக்குத் தெரியலை.”

“பாம்பு செத்துப்போச்சா? படம் எடுத்து ஆடிக்கிட்டிருந்த பாம்புய்யா அது!” தொப்பிக்காரர் எகிறினார். “அதே வருஷம் மூணு பேரைப் படுக்க வெச்சான். கண்ணு மங்கினவன் செய்யிற வேலையா அது?”

“அந்த மூணு பேரும் ஊதினா விழற ஆளுங்க. அதுக்கு முந்தின மேட்ச் ஞாபகம் இருக்கா? பத்தாவது ரவுண்டுல மூச்சு வாங்கிக்கிட்டு, எதிராளியைக் கட்டிப் பிடிச்சுத்தான் நின்னான். அன்னைக்கே முடிஞ்சுது.”

“அன்னைக்கு அவனுக்குக் காய்ச்சல்!”

“அப்படி ஒரு காய்ச்சலை நான் கேள்விப்பட்டதே இல்லையே!”

“நான் சொல்றேன், நீ கேட்டுக்கோ!” தொப்பிக்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. “கடைசி மேட்ச்ல அவன் நல்ல தெம்போடதான் இருந்தான். குத்து வர்றது தெரிஞ்சுது, தடுக்க முடியலை. அப்படி ஒரு வேகம். ஜெயிச்சவன் ஜெயிச்சவன்தான். ஆனா ஊர் என்ன சொல்லிச்சு? சாம்பியனுக்கு வயசாயிடுச்சு, அதான் தோத்தான்னு ஒரே வார்த்தையில ஜெயிச்ச மனுஷனை ஒதுக்கித் தள்ளிட்டாங்க. ஒரு பத்திரிகைக்காரன்கூட அவன் வீட்டுப் படி ஏறலை. இந்தச் செவுத்துலயும் இல்லைன்னா அவன் பேரு வேற எங்கய்யா இருக்கப்போகுது?”

“இருக்கவே வேண்டாம்” என்று சொல்லி நெட்டைக் கிழவர் மறுபடியும் துடைத்தார். சாக்பீஸ் தூள் பெயின்டரின் மடியில் கொட்டியது.

பெயின்டருக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்கியதும் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. தோற்றவர் பாவம், நாலு பேர் பார்க்கிற சுவரில் தன் அவமானம் வேண்டாம் என்று மன்றாடுகிறார். ஜெயித்தவர் விடமாட்டேன் என்கிறார். இந்த வயதிலுமா இத்தனை பேராசை?

“தொப்பிக்காரரே, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க” என்று எழுந்தார். “ஜெயிச்சவருக்கு அடக்கம் வேணும். விழுந்தவரைக் கூட வெச்சுக்கிட்டே, என் பேரைப் போடு, என் பேரைப் போடுன்னு நிக்கிறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா? அவர் எவ்வளவு நொந்துபோயிருந்தா நான் அப்பவே முடிஞ்சுபோயிட்டேன்னு தன் வாயாலயே சொல்லுவார்?”

தொப்பிக்காரருக்குப் பதிலாக நெட்டைக் கிழவர்தான் சீறினார்.

“யோவ், அவரை ஒரு வார்த்தை சொன்னே, பெயின்ட் டப்பாவைத் தலையில கவுத்துடுவேன்!”

பரிந்து பேசப் போனவருக்கு இதுதான் மரியாதை. பெயின்டருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“உங்களுக்காகத்தானே பேசினேன்? நல்லதுக்கே காலமில்லை. எழுதவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!” என்று பிரஷ்ஷை டர்பன்டைன் டப்பாவில் போடப் போனார்.

அப்போது செயலாளர் பூங்கொத்தோடு மூச்சிரைக்க ஓடி வந்தார். நெட்டைக் கிழவரைத் தாண்டிப் போய்த் தொப்பிக்காரர் முன்னால் குனிந்தார்.

“சாம்பியன் சார், எல்லாரும் வந்தாச்சு. நீங்க வந்து ரிப்பன் வெட்டினா ஆரம்பிச்சிடலாம்.”

பெயின்டரின் கை அப்படியே நின்றது. தொப்பிக்காரர் பூங்கொத்தை வாங்கவில்லை. கைக்குட்டையோடு சுவரை நோக்கிப் போன நெட்டைக் கிழவரின் இரண்டு மணிக்கட்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“சீக்கிரம் எழுதுப்பா! என்னைக் கீழ சாய்ச்ச ஒரே ஆம்பளை, தன் பேரைத் தானே அழிச்சுக்கிட்டு நிக்கிறான்!”