குளிர்ப்பெட்டி வைத்த கார்

நாகூர் மீரானின் சட்டையை முகர்ந்து பார்த்தார் ஈஸ்வரமூர்த்தி. பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது.

“எடுத்தது நீதானப்பா.”

“டிரைவர் சட்டையில மல்லியப்பூ வாசமாங்க வரும்?” என்றான் மீரான்.

ஈஸ்வரமூர்த்திக்குப் போத்தனூரில் பஞ்சாலை. கோயமுத்தூரில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு குளிர்ப்பெட்டியைத் தன் காரில் மாட்டியிருந்தார். இஞ்சின் ஓடினால் விசிறி சுழலும். நனைந்த வெட்டிவேர் வழியாகக் காற்று சில்லென்று வரும்.

பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும். அதனால் பெரிய கடைவீதியில் நாலு பேர் பார்க்கும்போது மட்டும் அதைப் போடுவார். வீதி தாண்டியதும் நிறுத்திவிட்டுத் துண்டால் விசிறிக்கொண்டு வருவார்.

இத்தனை சிக்கனத்துக்கும் தினம் ஒரு காலன் பெட்ரோல் குறைந்தது. டாங்கியில் குச்சி விட்டு அளந்து பார்த்தாயிற்று.

“மைல் மீட்டரப் பாருங்க. வண்டி கொட்டாய உட்டு நகருலீங்க.”

“நகரோணுமா என்ன? குழாய உட்டு உறிஞ்சியிருப்பே. நாளையிலிருந்து வர வேண்டாம்.”

ஏழு வருஷம் கார் ஓட்டியவன். மீரான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஈஸ்வரமூர்த்தியின் மனைவி பழனியாத்தாள் வாசலுக்கு வந்து, “இலை போட்டாச்சுங்க” என்றாள். மீரான் தலையைக் குனிந்துகொண்டு சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான்.

அவன் போன மூன்றாம் நாளும் குச்சியில் ஒரு காலன் குறைவு.

மறுநாள், ஆலைக்கு நடந்தே போவதாகச் சொல்லிக் கிளம்பிய ஈஸ்வரமூர்த்தி, சுற்றிவந்து கார்க் கொட்டகைக்குப் பின்னால் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே பதுங்கினார். சித்திரை வெயில். சட்டை தொப்பலாக நனைந்து முதுகோடு ஒட்டியது.

உச்சிப்பொழுதுக்கு இஞ்சின் உறுமியது. கார் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

தடியோடு பாய்ந்துபோய்க் கதவைத் திறந்தார்.

பின்சீட்டில் தலையணை போட்டு, கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள் பழனியாத்தாள்.

“அம்மிணி, நீயா?” தடியை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. “அப்ப… மீரான் திருடலியா?”

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

“சாயங்காலமாப் போயி அவனக் கூட்டியாங்க. இப்பக் கதவச் சாத்துங்க, குளுரு போவுது.”