வெள்ளரிக்காய்த் தட்டு

கூரைத் தகரத்தில் வைத்த இலையைக் காகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாடசாமியின் கருமாதிப் படையல். கோழிக்கறி, கருவாட்டுக் குழம்பு, ஓரமாக ஒரு கிளாஸ் சாராயம். காகம் எடுக்காமல் எங்கள் லயத்து வீடுகளில் ஒருவரும் கை நனைக்க முடியாது.

பசி ஏற ஏற எங்கள் வாய் சும்மா இருக்குமா?

"உசுரோட இருக்கப்ப ஒரு வாய் சோறு நிம்மதியாத் திங்க விட்டாளா? மனுசன் கோவத்துல இருக்காரு" என்றாள் விஜயலெட்சுமி, அவர் பெண்டாட்டி ரெங்கம்மாவின் காதில் விழும்படி.

பொய் என்று சொல்ல முடியாது. அந்த வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முதலில் வெள்ளரிக்காயும் வல்லாரையும்தான். அந்தத் தட்டு காலியானால்தான் சோற்றுப் பானையின் மூடி திறக்கும். நடுச்சுவர் மெல்லியது, எல்லாம் எங்களுக்குக் கேட்கும்.

காலையில் வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக்களத்தில் மாடசாமியே தொந்தியைத் தட்டிச் சொல்வார்: நெஞ்சில் கோளாறு என்று கிளினிக்கில் பயமுறுத்திவிட்டார்கள், வீட்டுக்காரி என்னை ஆடாக்கிவிட்டாள்.

அவரைக் கண்டு "மே" என்று கத்தாத ஆள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் இல்லை.

கடைசியில் நெஞ்சு ஒன்றும் செய்யவில்லை. தேயிலை மலையில் குளவி கொட்டித்தான் போனார்.

காகம் சவுக்கு மரத்தைவிட்டு அசையவில்லை. ரெங்கம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. தாலி கட்டியவன் கோபத்தோடு போய்விட்டான் என்றால் அவள் எங்கே போய் மன்னிப்புக் கேட்பாள்?

சட்டென்று உள்ளே போனாள். வெள்ளரிக்காய்த் தட்டோடு வந்தாள். செத்தும் விடமாட்டாள் போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

அவள் அதைக் கூரையில் வைக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, தானே தின்னத் தொடங்கினாள்.

காகம் எடுப்பதற்கு முன்னால்! விஜயலெட்சுமி வாயில் கை வைத்தாள்.

ரெங்கம்மா யாரையும் பார்க்கவில்லை. அழுதுகொண்டே மென்றாள். கடைசித் துண்டையும் விழுங்கிவிட்டு, காலித் தட்டைக் கூரைப் பக்கம் தூக்கிக் காட்டினாள்.

"முடிச்சிட்டேங்க. இப்ப நீங்க சாப்பிடுங்க."

கிளினிக்குக்கு இருவரும்தான் போவார்கள். சீக்கு யாருக்கு என்று நாங்கள் கேட்டதே இல்லை. தொந்தியைப் பார்த்து முடிவு செய்துவிட்டோம். கொழுந்துக் கூடையோடு ஏறும்போது நின்று நின்று மூச்சு வாங்கியது யார் என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது. நெஞ்சு நோய்க்காரி என்று தெரிந்தால் மலையில் யார் அவளுக்கு வேலைக்குப் பேர் போடுவார்கள்?

தகரத்தில் நகம் கீறும் சத்தம் கேட்டது.